ஒரு பனிப்பலகையின் கணக்கு

ஆலங்குளத்தில் பனி பெய்வதில்லை. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியைத்தான் நாம் பனி என்கிறோம். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். அப்படியிருக்க, பனிமலையில் சறுக்கும் பலகையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இங்கே எதற்காக எழுத வேண்டும்? மாணவ நண்பர்களே, காரணம் இருக்கிறது. அந்தப் பலகைக்கு நெருங்கிய உறவு ஒன்று உங்கள் ஊர் வானத்திலேயே சுழன்றுகொண்டிருக்கிறது.

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றில், ஆலங்குளத்தையும் சுரண்டையையும் சுற்றி நிற்கும் காற்றாலைகள் ஓயாமல் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் இறக்கை எதனால் ஆனது? வெளியே, எப்பாக்ஸி போன்ற பிசினில் தோய்த்து இறுக வைத்த கண்ணாடி இழைத் துணி. உள்ளே சில பகுதிகளில் பால்சா என்னும் மிக இலேசான மரமோ, நுரை போன்ற பொருளோ இருக்கும். இலேசான உள்ளீடு நடுவில், வலுவான இழை இரு புறமும். பனிப்பலகையின் கட்டுமானமும் இதுவேதான். நடுவில் பாப்லர் போன்ற மரப்பட்டிகளை ஒட்டிய உள்ளீடு. மேலும் கீழும் கண்ணாடி இழை. அடியில் வழுவழுப்பான பாலிஎதிலீன் தகடு. ஓரத்தைச் சுற்றி மெல்லிய எஃகு விளிம்பு. காற்றாலை இறக்கை காற்றில் வளைந்து நிமிர்வதைப் போல இது பனியில் வளைந்து நிமிர்கிறது.

ஆங்கிலத்தில் ஸ்னோபோர்டு எனப்படும் இப்பலகையின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஷெர்மன் பாப்பன் என்ற பொறியியலாளர், 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாக இணைத்துத் தம் பெண்களுக்கு விளையாடக் கொடுத்தார். அதிலிருந்து 'ஸ்னர்பர்' என்னும் விளையாட்டுப் பொருள் பிறந்தது. 1977இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர் வெர்மான்ட்டில் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1998இல் ஜப்பானின் நகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இது போட்டியாகவே இடம்பெற்றது.

நம் நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரத்தின் குல்மார்க். அங்கே பலகையை வாடகைக்கும் எடுக்கலாம். கடைக்காரர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு பலகையை நிமிர்த்தி உங்கள் மோவாய் வரை வருகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு பார்வை போதுமா? போதாது என்பது என் கருத்து. ஏன் என்பதை உங்கள் பள்ளிக் கணக்கையும் இயற்பியலையும் கொண்டே சொல்லிவிடலாம்.

பனியில் ஏன் புதையாமல் நிற்கிறது? ஏன் வழுக்குகிறது?

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் பனியில் நடக்கிறார் எனக் கொள்வோம். ஒரு காலை ஊன்றும்போது எடை முழுவதும் ஒரே காலணியின் அடியில் இறங்குகிறது. காலணி 25 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 225 சதுர செ.மீ. ஆகவே சதுர செ.மீட்டருக்கு ஏறத்தாழ 270 கிராம் எடை. புதுப்பனி இதைத் தாங்காது. முழங்கால் வரை இறங்கிவிடும். பலகையில் நின்றாலோ, பனியைத் தொடும் பகுதி 120 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், அதாவது 3,000 சதுர செ.மீ. இப்போது சதுர செ.மீட்டருக்கு 20 கிராம்தான். எடை மாறவில்லை, அழுத்தம் பதின்மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

வழுக்குவதற்குக் காரணம் வேறு. 'அழுத்தத்தால் பனி உருகி நீராகிறது, அதனால் வழுக்குகிறது' என்று பல பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. நம் பலகை கொடுக்கும் அழுத்தமோ ஒரு வளிமண்டலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இதனால் என்ன உருகும்? 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள், உராய்வினால் பிறக்கும் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உருகுநிலைக்குக் கீழேயும் சற்றுத் தளர்வாகவே இருக்கின்றன என்பதும் இப்போது தெரிந்ததே. இதை மைக்கேல் பாரடே 1850இலேயே ஊகித்துவிட்டார். குற்றாலத்தில் நீர் வழியும் பாறையில் கால் வைத்தவர்களுக்கு மெல்லிய படலம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீளம்: உயரத்தைக் கேட்காதே, எடையைக் கேள்

இனித் தேர்வுக்கு வருவோம். மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் பலகையின் நுனி நிற்க வேண்டும் என்பது பழைய விதி. இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 165 செ.மீ. உயரம். ஒருவர் 50 கிலோ, மற்றவர் 75 கிலோ. பழைய விதி இருவருக்கும் ஒரே பலகையைக் கொடுக்கும். ஆனால் பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது. அதன் மேல் இறங்கும் எடை மட்டுமே அதற்குத் தெரியும். இலேசானவர் ஏறினால் பலகை வளைய மறுக்கும். கனமானவர் ஏறினால் துவண்டுவிடும். முதலாமவருக்கு 145 செ.மீட்டரை ஒட்டியும், இரண்டாமவருக்கு 156 செ.மீட்டரை ஒட்டியும் பார்ப்பது சரியான தொடக்கம். ஒவ்வொரு பலகைக்கும் அதைச் செய்தவர்கள் ஓர் எடை வரம்பு கொடுக்கிறார்கள். கடையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நீளமான பலகை நேராக வேகமாகப் போகும்போது நடுங்காது. ஆழ்ந்த பனியில் மிதக்கும். குட்டையான பலகை எளிதில் திரும்பும், சுழலும். எவ்வளவு எளிது? சுழற்சிக்குத் தடையாக நிற்பது நிலைமத் திருப்புத்திறன். அது நீளத்தின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. நீளம் கூடும்போது நிறையும் அதே விகிதத்தில் கூடுமானால் மும்மடிக்கேற்ப. 150 செ.மீ. பலகைக்குப் பதில் 160 செ.மீ. பலகையைக் கட்டிக்கொண்டு காற்றில் சுழன்றால், பலகையைச் சுழற்ற வேண்டிய தடை 21 சதவீதம் கூடுகிறது. பத்து செ.மீ. தானே என்று எண்ணினால் ஏமாந்துவிடுவீர்கள்.

'ஆல்-மவுண்டன் பிரீஸ்டைல்' என்னும் வகை இந்த இடத்தில்தான் வருகிறது. பெயரைப் பிரித்துப் பாருங்கள். மலை முழுவதும் ஓட வேண்டும். தாவிச் சுழன்று வித்தை காட்டவும் வேண்டும். முதலாவது நீளத்தை விரும்புகிறது, இரண்டாவது குட்டையை விரும்புகிறது. ஆகவே இந்த வகைப் பலகை ஒவ்வொன்றும் ஓர் உடன்படிக்கைதான். எதிலும் முதலிடம் பெறாது, எதிலும் தோற்காது. விளம்பரம் இதை ஒப்புக்கொள்ளாது. எல்லாவற்றிலும் சிறந்தது என்றே சொல்லும்.

அகலம்

பலகையில் நாம் பக்கவாட்டில் நிற்கிறோம், முன்னோக்கி அல்ல. கால்விரல் ஒரு விளிம்பின் மேலும், குதிகால் மறு விளிம்பின் மேலும் நிற்கும். பூட்சு மிக நீளமானால், திரும்புவதற்காகப் பலகையைச் சாய்க்கும்போது பூட்சின் நுனி பனியைத் தொட்டு விளிம்பைத் தூக்கிவிடும். பிடி போய்விடும், நீங்களும் போய்விடுவீர்கள். 30 செ.மீ. நீளமுள்ள பூட்சை 15 டிகிரி திருப்பி வைத்தால், குறுக்கே அது பிடிக்கும் அளவு 30-ஐ 15 டிகிரியின் கொசைனால் பெருக்கியது, அதாவது 29 செ.மீ. கால் நிற்குமிடத்தில் பலகை 26 செ.மீ. அகலம் என்றால் இரு புறமும் ஒன்றரை செ.மீ. வெளியே நீளும். இது சரியான அளவு. இதைவிட மிக அதிகமானால் அகலப் பலகை கேளுங்கள். கால் சிறியவர் அகலப் பலகையை எடுத்தாலும் தொல்லைதான். சாய்ப்பதற்குள் கணுக்கால் ஓய்ந்துவிடும்.

உடுக்கை இடை

பலகையை மேலிருந்து பாருங்கள். இரு முனையும் அகன்று, நடு ஒடுங்கி, உடுக்கையைப் போல இருக்கும். அழகுக்காக அல்ல. அந்தப் பக்க வளைவு ஒரு பெரிய வட்டத்தின் வில். பலகையைச் சாய்த்தால் அந்த வில் பனியில் பதிந்து, நம்மை அந்த வட்டத்தின் வழியே கொண்டுபோகிறது.

எவ்வளவு பெரிய வட்டம் என்பதை அளவுநாடா கொண்டே கண்டுபிடிக்கலாம். மிக அகன்ற இரு இடங்களுக்கு இடையே தொலைவு 120 செ.மீ. எனக் கொள்க. அகன்ற இடத்தில் 29.5 செ.மீ., இடையில் 25 செ.மீ. ஆகவே ஒவ்வொரு பக்கமும் இடை உள்வாங்கியிருப்பது 2.25 செ.மீ. ஒரு வட்டத்தில் இரு நாண்கள் ஒன்றையொன்று வெட்டினால், ஒன்றின் துண்டுகளின் பெருக்கற்பலன் மற்றதன் துண்டுகளின் பெருக்கற்பலனுக்குச் சமம் என்பது நீங்கள் படித்த தேற்றம். ஒரு நாண் 120 செ.மீ.; அதன் பாதிகள் 60, 60. மற்றது வட்டத்தின் விட்டம். அதன் துண்டுகள் 2.25-உம், விட்டத்தில் எஞ்சியதும். 60 × 60 = 3,600. அதை 2.25-ஆல் வகுத்தால் 1,600. அதனுடன் 2.25 சேர்த்தால் விட்டம் 1,602 செ.மீ. ஆரம் 8 மீட்டர்.

வகுப்பறையில் 'இது எதற்குப் பயன்படும்?' என்று முணுமுணுத்த தேற்றம், இதோ பனிமலையில் நிற்கிறது.

இன்னும் ஒரு நயம் உண்டு. பலகையை எவ்வளவு அதிகம் சாய்க்கிறோமோ அவ்வளவு வளைந்து பனியில் பதிவதால், திரும்பும் வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். சாய்வுக் கோணத்தின் கொசைனால் ஆரத்தைப் பெருக்கினால் தோராயமான விடை கிடைக்கும். 60 டிகிரி சாய்த்தால் 8 மீட்டர் 4 மீட்டராகிறது. 7 முதல் 9 மீட்டர் ஆரம் பொதுவாக எல்லா வேலைக்கும் ஏற்றது. அதைவிடச் சிறிதானால் குறுகிய இடத்தில் சுறுசுறுப்பாகத் திரும்பும். வேகத்தில் நேராகப் போக விடாமல் தொந்தரவு செய்யும்.

வில்லும் தோணியும்

இப்போது பலகையைத் தரையில் வைத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். சில பலகைகளில் நடுப்பகுதி தரையைத் தொடாமல் மேலே வளைந்து நிற்கும். இதைக் காம்பர் என்பார்கள். நாம் வில் வளைவு என்போம். வேறு சிலவற்றில் நடுப்பகுதி தரையைத் தொட, முனைகள் இரண்டும் தோணியைப் போல மேலே எழும்பியிருக்கும். இது ராக்கர், தோணி வளைவு.

நம் தாத்தாக்கள் சென்ற வில்வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது அதன் அடியில் இருந்த எஃகு வில்லால். இன்று லாரியின் பின்சக்கரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும் பட்டைகளும் அதே வில்தான். அந்த வில்லைக் கவிழ்த்து வைத்தால் காம்பர் பலகை. நீங்கள் ஏறி நின்றதும் நடு தாழ்கிறது. அந்த எடை முனைகளுக்கும் பகிர்ந்து செல்கிறது. ஆகவே விளிம்பு முழு நீளத்துக்கும் பனியைப் பற்றுகிறது. இறுகிய பனியில் இந்தப் பிடி உயிர்நாடி. தாவும்போதும் வில் நிமிர்ந்து உங்களைத் தூக்கிவிடும்.

ஆனால் பிடிக்கும் விளிம்பு, பிடிக்கக் கூடாத நேரத்திலும் பிடிக்கும். புதிதாகக் கற்பவர் பலகையைத் தட்டையாக வைத்துப் பக்கவாட்டில் நழுவும்போது, பள்ளத்துப் பக்க விளிம்பு சட்டென்று பனியில் குத்திக்கொள்ளும். கால்கள் நின்றுவிடும், உடல் நிற்காது. நியூட்டனின் முதல் விதி அங்கே இரக்கம் காட்டுவதில்லை. விழுபவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். கற்றுக்கொள்பவர்களுக்கு இவ்விளையாட்டில் மிகுதியாக ஏற்படும் காயங்களில் ஒன்று மணிக்கட்டுக் காயம். கடைக்காரரின் ஒரு பார்வை போதாது என்று முன்பு சொன்னேனே, அதன் முழுக் காரணம் இதுதான். தோணி வளைவில் முனைகள் உயர்ந்திருப்பதால் விளிம்பு இவ்வாறு குத்துவது குறைவு. ஆழ்ந்த பனியிலும் மூக்கு தானே மேலெழும். அதற்கு விலை, இறுகிய பனியில் பிடி தளர்வது.

இரண்டையும் கலந்து செய்வதே இப்போது பரவலாக உள்ள வழக்கம். கால்களுக்கு அடியில் வில், முனைகளில் தோணி என்பது ஒரு கலவை. ஆல்-மவுண்டன் பிரீஸ்டைல் வகையில் முதற்பலகைக்கு இதையே நான் சொல்வேன்.

விறைப்பு

ஒரு சிறு சோதனை. 30 செ.மீ. அளவுகோலின் 10 செ.மீ. பகுதி மேசைக்கு வெளியே நீளுமாறு பிடித்து, நுனியில் ஒரு சிறு எடையைத் தொங்கவிடுங்கள். எவ்வளவு தாழ்கிறது என்று குறியுங்கள். அடுத்து 20 செ.மீ. நீளவிட்டு அதே எடையைத் தொங்கவிடுங்கள். இருமடங்கு தாழும் என்று எதிர்பார்ப்பீர்கள்; ஏறத்தாழ எட்டு மடங்கு தாழும். நீளத்தின் மும்மடி! தடிப்பிலும் அப்படியே: தடிப்பு இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒரு மில்லிமீட்டரைக் கூட்டியும் குறைத்தும் பலகையின் குணத்தையே மாற்றிவிட முடிவது இதனால்தான்.

வளைவதோடு பலகை முறுக்கவும் வேண்டும். உங்கள் கைக்குட்டையை நூல் போகும் திசையில் இழுங்கள், நீளாது. மூலைக்கு மூலை இழுங்கள், நன்றாக நீளும். கண்ணாடி இழைத் துணியும் இப்படித்தான். இழைகள் நெடுக்கும் குறுக்கும் மட்டும் ஓடினால் பலகை எளிதில் முறுக்கும், மன்னிக்கும் குணமுடையது. மூலைவாட்டிலும் இழை சேர்த்தால் முறுக்க மறுக்கும், வேகத்துக்கு ஏற்றது.

பலகையின் விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணிட்டு எழுதியிருப்பார்கள். நடுத்தரம், அதாவது 4 முதல் 6 வரை, இந்த வகைக்கு ஏற்றது. ஆனால் வெப்பமானிக்கு உள்ளது போன்ற பொதுவான அளவுகோல் இதற்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 7 ஆக இருக்கலாம். எண்ணை நம்புவதைவிட, பலகையைச் சாய்த்து நிறுத்தி நடுவில் கையால் அமுக்கிப் பார்ப்பது மேல்.

முன்னும் பின்னும்

காற்றில் அரைச்சுற்றுச் சுழன்று இறங்கினால் பின்புறம் முன்புறமாகிவிடும். அப்போதும் பலகை அதே போல ஓட வேண்டுமானால் இரு முனையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இதுவே இரட்டை வடிவம். கால்களை வாத்து நிற்பதுபோல் வெளிநோக்கித் திருப்பிக் கட்டுவதும் இதற்காகவே. ஆழ்ந்த பனிக்கென்றே செய்த பலகையில் மூக்கு நீண்டு, வால் குறுகி, கால் நிற்குமிடம் சற்றுப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், வடிவம் ஏறக்குறைய இரட்டையாகவும் நிற்குமிடம் சற்றே பின்தள்ளியும் உள்ள பலகைகள் உண்டு. எது வேண்டும் என்பது நீங்கள் இறங்கப்போகும் மலையைப் பொறுத்தது.

குல்மார்க்கில் நின்றால்

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. தொட்டில் போன்ற பெட்டிகள் கம்பியில் தொங்கி ஏறும் கோண்டோலாவின் முதற்கட்டம் 1998இல் வந்தது. 2005இல் வந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் வளிக்கலக்கங்கள் அங்கே பனியைக் கொட்டுகின்றன. 2020இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடந்தபோது பனிப்பலகைப் போட்டியும் இருந்தது.

ஐரோப்பிய, அமெரிக்கச் சறுக்கு மையங்களில் சரிவுகளைப் பெரும்பாலும் இயந்திரத்தால் அமுக்கிச் சீராக்கி வைத்திருப்பார்கள். வித்தை காட்ட மேடுகளும் கட்டியிருப்பார்கள். அங்கே எழுதப்பட்ட அறிவுரைகள் அந்தச் சரிவுகளுக்கானவை. அபர்வத்தின் மேற்பகுதியில் உள்ளது பெரும்பாலும் மனிதர் தொடாத பனி. புதுப்பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். தண்ணீரோ 1,000 கிலோ. இந்தப் பஞ்சுப்பொதியில் குட்டையான, இரட்டை வடிவப் பலகையின் மூக்கு உள்ளே போய்விடும். எனவே குல்மார்க்குக்கென்று கேட்டால், அதே வகையிலேயே இரண்டு மூன்று செ.மீ. நீளமாகவும், முனையில் தோணி வளைவு உள்ளதாகவும் எடுங்கள் என்பேன். இரட்டை வடிவமே கிடைத்தால், கால்பட்டைகளைத் திருகாணி கழற்றி இரண்டு செ.மீ. பின்னே தள்ளிப் பொருத்தச் சொல்லலாம். அடிவாரத்துச் சிறு சரிவில் மட்டும் கற்கப்போகிறவருக்கு இந்த மாற்றம் எதுவும் வேண்டாம். குட்டையும் மென்மையுமே போதும்.

மேற்பகுதிக்குப் போகிறவர்களுக்குப் பலகையால் தீராத ஒன்றும் உண்டு, பனிச்சரிவு. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் சரிந்த பனியில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரியில் மேலும் ஒருவர். வழிகாட்டியும், புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் வானொலிக் கருவியும், துழாவும் கம்பும், மண்வாரியும் இல்லாமல் அங்கே எந்தப் பலகையும் சரியான பலகை அன்று.

பனி எப்போதும் பெய்யும் என்றும் சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி வெறும் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகளைப் பனி போதாமையால் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். பனி மெல்லியதாக இருக்கும் நாளில் அடியில் உள்ள கல் பலகையின் வயிற்றைக் கீறும். இங்கே அடித்தகட்டின் வகை முக்கியமாகிறது. பாலிஎதிலீன் தூளைச் சூடாக்கி அழுத்திச் செய்த தகட்டில் நுண்துளைகள் உண்டு. மெழுகை உறிஞ்சி வேகமாக ஓடும், ஆனால் அடிக்கடி மெழுகு கேட்கும், விலையும் கூட. உருக்கி இழுத்துச் செய்த தகடு சற்று மெதுவானது. கீறல் விழுந்தால் எளிதில் அடைத்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு வாரம் சறுக்கப்போகிறவர் இரண்டாவதை எடுப்பதே புத்தி. சொல்லப்போனால், தெற்கேயிருந்து போகிறவர் முதல் இரண்டு மூன்று முறை எதையும் வாங்காமல் வாடகைக்கே எடுக்கலாம்.

வாடகைக் கடையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எடையைச் சொல்லுங்கள். பூட்சைப் போட்டுக்கொண்டு பலகையின் குறுக்கே நின்று, இரு புறமும் எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். பலகையைத் தரையில் வைத்துக் குனிந்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா, முனையில் தெரிகிறதா என்று கவனியுங்கள். நகத்தின் மேற்புறத்தை எஃகு விளிம்பின் குறுக்கே மெல்ல உரசுங்கள்; மெல்லிய சீவல் வந்தால் விளிம்பு கூர்மை, வழுக்கினால் மழுங்கல். உரசும்போது எங்காவது பிசிறு தட்டினால் அதைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் அதே கடையில் இருக்கும். கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.